முதல் 20 பேர் என்றால் யார்?

2024 மே 18, ஐபிஎல் கிரிக்கெட், பெங்களூரு சின்னசாமி மைதானம். பெங்களூரு அணி 218 எடுத்து முடித்திருந்தது. சென்னைக்கு வெற்றி இலக்கு 219. ஆனால் அன்று எல்லோர் வாயிலும் இருந்த எண் 201தான். பெங்களூரு வென்றால் இரண்டு அணிக்கும் 14 புள்ளிகள். பிறகு நிகர ரன் விகிதம் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் சென்னையைத் தாண்ட பெங்களூரு குறைந்தது 18 ரன் வித்தியாசத்தில் வென்றாக வேண்டும். அதாவது சென்னை 201 எடுத்துவிட்டால் தோற்றாலும் அடுத்த சுற்றான பிளே-ஆஃபுக்குத் தகுதி. கடைசி ஓவர் தொடங்கும்போது வெல்ல 35 வேண்டும், தகுதி பெற 17 போதும். வந்தது ஏழு. 191இல் முடிந்தது.

அன்றைய ஆட்டத்துக்கு ஒரு ரசிகர் குழு "இன்றைக்கு ஜெயிப்பது யார்?" என்று வாட்ஸ்அப்பில் போட்டி வைத்ததாக வைத்துக்கொள்வோம். சென்னை 205 எடுத்து, தோற்று, தகுதியும் பெற்றிருந்தால்? "சென்னை" என்று எழுதியவர் சும்மா இருக்கமாட்டார். ஆட்டத்தின் முடிவைப் பார்த்தால் அவர் பதில் தவறு. ஆனால் ஊரே தகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில் "ஜெயிப்பது" என்று கேட்டவர் எதைக் கேட்டார் என்று அவர் குழம்பியதிலும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், ஆட்டத்தை வென்ற அணியே விடை, சண்டைக்குப் பொறுப்பு கேள்வி எழுதியவர். சென்னை வெல்வது, பெங்களூரு 17 ரன் வரை வித்தியாசத்தில் வெல்வது, 18 அல்லது அதற்கு மேல் வெல்வது என்று மூன்று முடிவுகள் இருந்த இடத்தில் அவர் இரண்டு பெயரை மட்டும் நீட்டினார். மழையால் ஆட்டமே நின்றுபோவது நான்காவது முடிவு. மே மாதப் பெங்களூரில் அதை மறக்கவே கூடாது.

தர்க்கப் புதிர் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மாதிரி இடங்கள் சட்டென்று கண்ணில் படும். அதே பழக்கம் சில இடங்களில் அவர்களையே கவிழ்த்தும் விடும். புதிரையும் போட்டி விதியையும் படிக்கும் விதம் பாதி வழி வரை ஒன்றுதான். அதற்குப் பிறகு பிரிகிறது. எங்கே பிரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

புதிர் ஒரு மூடிய உலகம். 1962 டிசம்பரில் லைஃப் இன்டர்நேஷனல் பத்திரிகையில் வந்த ஐந்து வீட்டுப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐன்ஸ்டைன் சின்ன வயதில் உருவாக்கியது என்று ஃபார்வர்ட் சுற்றுமே, அதேதான். அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. குறிப்புகள் 15. கடைசியில் இரண்டு கேள்விகள்: தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை வளர்ப்பவர் யார். பதினைந்து குறிப்பையும் புரட்டிப் பார்த்தால் தண்ணீரும் வரிக்குதிரையும் எங்குமே வராது. ஐந்து வீட்டில் நான்கு வீட்டுப் பானம் தெரிகிறது, மிச்சம் இருப்பது தண்ணீர் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. "ஐந்தாவது ஆள் எதையும் குடிக்காதவராக இருக்கலாமே?" என்று கேட்பவர் புதிரை விட்டு வெளியே போய்விட்டார், அவரை விட்டுவிடலாம். போட்டி விதியில் அதே ஆள் முன்வரிசையில் வந்து உட்காருவார். அவருக்குப் பதில் சொல்லாமல் பரிசு கொடுக்க முடியாது.

இப்போது ஒரு சின்னப் புதிர். அல்சூரில் ஒரு தியேட்டர் வாசல், கவுன்டர் முன் ஐந்து பேர் ஒற்றை வரிசையில் நிற்கிறார்கள்: குமார், செல்வி, முருகன், ஜான்சி, ரஹீம்.

ஜான்சிக்கும் முருகனுக்கும் நடுவே சரியாக இரண்டு பேர்.
குமாருக்குப் பின்னால் செல்வி.
முருகனுக்குப் பின்னால் எங்கோ ரஹீம்.
ஜான்சி வரிசையின் முதல் ஆள் இல்லை.

எழுதப்பட்ட வரிசையிலேயே குறிப்புகளைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தக் குறிப்பு மிகக் குறைவான இடங்களை விட்டுவைக்கிறதோ அதில் தொடங்குங்கள். இங்கே அது முதல் குறிப்பு. ஐந்து இடத்தில் நடுவே இரண்டு பேர் விட்டு நிற்க 1-4, 2-5 என்று இரண்டே ஜோடி. யார் முன்னால் என்று மாற்றினால் மொத்தம் நான்கு வழி. ஜான்சி முதல் ஆள் இல்லை என்பதால் ஒன்று போயிற்று. முருகன் ஐந்தாவது இடத்தில் நின்றால் அவருக்குப் பின்னால் ரஹீமுக்கு இடமில்லை, இன்னொன்றும் போயிற்று. மிச்சம் இரண்டு. முருகன் 1, ஜான்சி 4 என்பது ஒன்று. முருகன் 2, ஜான்சி 5 என்பது மற்றது.

இங்கேதான் இரண்டாவது குறிப்பு தொல்லை கொடுக்கிறது. "குமாருக்குப் பின்னால் செல்வி" என்றால் ஒட்டிப் பின்னாலா, பின்னால் எங்காவதா? ஒட்டி என்று எடுத்தால், முதல் அமைப்பில் காலியான 2, 3, 5இல் குமாரும் செல்வியும் 2-3இல் நிற்க, ரஹீம் 5. இரண்டாவது அமைப்பில் காலியான இடம் 1, 3, 4. இருவரும் 3-4 எடுத்துக்கொண்டால் ரஹீம் 1இல் நிற்க வேண்டும், அது மூன்றாவது குறிப்போடு மோதுகிறது. ஆக ஒரே விடை: முருகன், குமார், செல்வி, ஜான்சி, ரஹீம்.

எங்காவது என்று எடுத்தால் ஐந்து விடை வரும். முருகன் முதலில் நிற்பவை மூன்று, குமார் முதலில் நிற்பவை இரண்டு. நீங்களே எழுதிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

எந்தப் பொருளை எடுப்பது? புதிர்க்காரருக்கு இரண்டு பிடிமானம் உண்டு. மூன்றாவது குறிப்பில் "எங்கோ" என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. இரண்டாவதில் அந்தச் சொல் இல்லை. ஆகவே அங்கே ஒட்டி நிற்பதைத்தான் சொல்கிறார்கள் என்று கொள்ளலாம். இன்னொன்று, புதிர் என்றால் ஒரே விடை என்பது எழுதாத ஒப்பந்தம். ஒரு பொருள் ஒரே விடை தந்து, மற்றது ஐந்து தந்தால், முதல் பொருளே எழுதியவர் மனதில் இருந்தது. வங்கித் தேர்வு எழுதுபவர்கள் இதைத் தெரிந்தோ தெரியாமலோ செய்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆனால் இதே புதிர் பரிசுப் போட்டியில் வந்தால் இரண்டாவது பிடிமானம் ஆட்டம் காண்கிறது. ஐந்தில் ஒன்றை எழுதி அனுப்பியவர், "கேட்டது ஒரு வரிசை. நான் அனுப்பியது எல்லாக் குறிப்புக்கும் பொருந்துகிறது. எது பொருந்தவில்லை, காட்டுங்கள்" என்பார். காட்ட முடியாது. நடத்துபவர் "ஒட்டிப் பின்னால்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்தப் பேச்சே எழாது. ஆகவே புதிரை வெளியிடுவதற்கு முன்னால் விடை தெரியாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். எழுதியவர் தானே சரிபார்த்தால் பிழை தெரியாது. தான் நினைத்த பொருளையே மறுபடி படிப்பார். இருவரிடமும் விடையோடு நிறுத்தாமல், எந்தக் குறிப்பில் எதை வெட்டினார்கள் என்று கேளுங்கள். இருவரும் ஒரே விடைக்கு வந்து, அதில் ஒருவர் ஒரு குறிப்பைத் தொடவே இல்லை என்றால் அந்தக் குறிப்பு அதிகப்படி. அது இருக்கலாம், தவறில்லை. ஒருவருக்கு விடையே வராமல் நின்றுபோனால் அவர் நின்ற இடத்தில் குறிப்பு மங்கலாக இருக்கிறது என்று அர்த்தம்.

புதிர் போடுபவர்கள் வழுக்கும் இடங்களும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. ஊகித்து வைத்ததைப் பேனாவால் எழுதிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதை நிரூபித்தது போல நம்புவது முதல் பிழை. நிச்சயமானதைப் பேனாவிலும் ஊகத்தைப் பென்சிலிலும் எழுதுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் குறிப்பு எண்ணைப் போடுங்கள். முரண்பாடு வந்தால் எங்கே திரும்ப வேண்டும் என்று அந்த எண்ணே காட்டும். வட்ட மேசைப் புதிரில் இடது வலது மாறிப்போவது அடுத்தது. எல்லோரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்தால், மேலிருந்து பார்க்கும்போது ஒருவரின் வலப்பக்கம் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசை. வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் நேர்மாறு. தாளில் ஒரு அம்புக்குறி போட்டுவைத்தால் தலை சுற்றாது. கடைசியாக, விடை வந்ததும் எல்லாக் குறிப்பையும் ஒருமுறை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பது. அரை நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை.

விதிகளைச் சோதிப்பதில் மனித மூளை எவ்வளவு சோம்பல் என்பதற்குப் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. பீட்டர் வேசன் 1966இல் விவரித்தது. நான்கு அட்டைகள், ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்" என்பது விதி. கண்ணுக்குத் தெரிபவை ஒரு உயிரெழுத்து, ஒரு மெய், ஒரு இரட்டை எண், ஒரு ஒற்றை எண். விதி மீறப்பட்டதா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் ஒற்றை எண்ணையும். சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலோர் இரட்டை எண்ணைத் திருப்பினார்கள். அதன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது என்பது தோன்றவில்லை.

1982இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் அதே கணக்கை, பீர் குடிப்பவருக்கு வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியாக மாற்றிக் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் சரியாகச் செய்தார்கள். யார் ஏமாற்றக்கூடும் என்று தேடும்போது நமக்குத் தர்க்கம் தானாக வருகிறது. தியேட்டர் வாசலில் நிற்கும் தன்னார்வலருக்கு இது நேரடியாகப் பயன்படும். "பால்கனி டிக்கெட் என்றால் கையில் பச்சைப் பட்டை" என்பது விதி என்றால், பால்கனி டிக்கெட்காரரின் கையைப் பார்க்க வேண்டும், சிவப்புப் பட்டைக்காரரின் டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். பச்சைப் பட்டைக்காரர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்பது வீண். ஸ்டால் டிக்கெட்காரர் பச்சை கட்டக் கூடாது என்று விதி சொல்லவே இல்லை. அதையும் தடுக்க நினைத்தால் அதையும் எழுத வேண்டும்.

எழுதும்போது "என்றால்", "என்றால்தான்" இரண்டையும் பிரித்துப் பிடிக்க வேண்டும். "எல்லா விடையும் சரி என்றால்தான் குலுக்கலில் சேர்ப்போம்": இது தவறாக எழுதியவரை வெளியே நிறுத்துகிறது, சரியாக எழுதியவரை உள்ளே சேர்ப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. "எல்லா விடையும் சரி என்றால் குலுக்கலில் சேர்ப்போம்": இது வாக்குக் கொடுக்கிறது, தவறாக எழுதியவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. நடத்துபவர் மனதில் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். அப்படியென்றால் இரண்டு வாக்கியமாக எழுதுவதே நல்லது: "எல்லா விடையும் சரியாக எழுதிய ஒவ்வொருவரும் குலுக்கலில் சேர்க்கப்படுவார். மற்றவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள்." நீளம்தான், ஆனால் ஓட்டை இல்லை.

இனி ஒரு விதித்தாள். கற்பனையானது; பெங்களூரில் தமிழ்ப் படம் வெளியாகும் வாரத்தில் எந்தக் குழுவும் எழுதக்கூடியது.

1. பெங்களூரில் வசிப்பவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம்.
2. ஒருவருக்கு ஒரு பதிவு.
3. விடைகளை 10ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.
4. எல்லா விடைகளும் சரியாக இல்லாத பதிவுகள் ஏற்கப்படாது.
5. சரியான விடை அனுப்பும் முதல் 20 பேருக்கு முதல் காட்சி டிக்கெட் அல்லது டி-ஷர்ட்.
6. நடுவர் தீர்ப்பே இறுதியானது.

பார்க்கத் தெளிவாக இருக்கிறது. ஆறிலும் ஓட்டை.

முதல் விதி. ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, தினமும் அத்திப்பள்ளி தாண்டி வருபவர் பெங்களூரில் வசிக்கிறாரா? சொல்லைப் பிடித்துக்கொண்டால் இல்லை, ஓசூர் தமிழ்நாடு. சொந்த ஊர் கே.ஜி.எஃப், ஆதாரிலும் அந்த முகவரி, ஆனால் வாரத்தில் ஐந்து நாள் மர்பி டவுனில் அறை எடுத்துத் தங்குபவர்? இங்கே அகராதி உதவாது, விதி எதற்காக வந்தது என்று கேட்க வேண்டும். டிக்கெட் அல்சூர் தியேட்டருக்கு. வராதவருக்குக் கொடுத்தால் இருக்கை காலியாகப் போகும். கவலை அதுதான் என்றால் வசிப்பிடத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை: "பரிசை இந்த நாளில், இந்த நேரத்துக்குள், தியேட்டர் வாசலில் நேரில் வாங்கிக்கொள்ளக்கூடியவர்கள் கலந்துகொள்ளலாம்." ஓசூர்க்காரரும் உள்ளே வந்தார், சரிபார்க்க ஆதாரும் வேண்டாம். நடத்துபவரின் கவலை எதுவோ அதையே விதியாக எழுதினால் பாதிச் சச்சரவு பிறக்கவே பிறக்காது. "மட்டுமே" பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூரில் வசிப்பவர் எல்லோரும் கலந்துகொள்ளலாம் என்று இந்த விதி சொல்லவில்லை. குழு நிர்வாகியின் தம்பி சிவாஜிநகரில் இருந்தாலும் அவரை வேறொரு விதி தடுக்கலாம். அந்த வேறொரு விதி இந்தத் தாளில் இல்லை, இருக்க வேண்டும்.

இரண்டாவது விதியில் "ஒருவர்" என்பது ஆளா, கைபேசி எண்ணா, மின்னஞ்சல் கணக்கா? கூகுள் ஃபார்மில் ஒரு முறை மட்டும் பதில் என்று அமைத்தால் அது கணக்குக்கு ஒன்று என்றுதான் தடுக்கும். நான்கு கணக்கு உள்ளவர் நான்கு முறை நுழைவார். மறுபுறம், ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு அம்மாவும் மகளும் தனித்தனியாகப் போட்டால் எண் அடிப்படையில் ஒருவர் அடிபடுவார். எண்ணைத்தான் கணக்கில் எடுப்பீர்கள் என்றால் "ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு பதிவு" என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். கறாராகத் தெரிந்தாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டு முறை அனுப்பினால் எது செல்லும் என்பதும் வேண்டும். முதலாவதா, கடைசியா, இரண்டுமே செல்லாதா? நான் முதலாவதைத்தான் எடுப்பேன். கடைசி என்று வைத்தால், மற்றவர்கள் விடையைக் கேட்டுக்கொண்டு திருத்தி அனுப்ப வழி திறக்கிறது.

மூன்றாவது, "10ஆம் தேதிக்குள்". 10ஆம் தேதி சேர்த்தியா? பேச்சுவழக்கில் பெரும்பாலோர் சேர்த்தி என்றுதான் எடுப்பார்கள், சிலர் 9ஆம் தேதி இரவோடு முடிந்தது என்பார்கள். மத்தியச் சட்டங்களுக்கு இந்தத் தலைவலி வராமலிருக்க 1897இன் பொது வாசகங்கள் சட்டம் தொடக்க நாளை எப்படி விலக்குவது, இறுதி நாளை எப்படிச் சேர்ப்பது என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ரசிகர் குழுவுக்கு அந்த வசதி இல்லை. "10ஆம் தேதி இரவு 12 மணி" என்று எழுதினால் இன்னும் மோசம். அது 9 முடிந்து 10 தொடங்கும் நேரமா, 10 முடியும் நேரமா? "10ஆம் தேதி, வெள்ளி, இரவு 11:59 வரை" என்று கிழமையோடு எழுதுங்கள். கிழமை போட்டால் தேதியில் தட்டச்சுப் பிழை இருந்தாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்தக் கடிகாரம் என்பது அதன் அடுத்த பாதி. வாட்ஸ்அப்பில் 11:58க்கு அனுப்பி, நெட் இல்லாமல் ஒற்றை டிக்கோடு நின்று, நமக்கு 12:20க்கு வந்த செய்தி செல்லுமா? "எங்களுக்கு வந்து சேர்ந்த நேரமே கணக்கு" என்று ஒரு வரி போதும். ஃபார்ம் வைத்தால் விடைகள் விழும் விரிதாளின் நேர மண்டலம் இந்தியாவுக்கு அமைந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வெளிநாட்டு நேரத்தில் இருந்தால் நேர முத்திரையெல்லாம் மாறிக் கிடக்கும். அனுப்பிய பின் திருத்தலாம் என்ற வசதியை அணைத்துவையுங்கள். திருத்தினால் நேர முத்திரையும் புதிதாகிவிடும். முதல் 20 பேரைத் தேடும்போது அது பெரிய வம்பு.

நான்காவது விதிதான் எனக்குப் பிடித்தது. "எல்லா விடைகளும் சரியாக இல்லாத பதிவுகள் ஏற்கப்படாது." பத்தில் ஒன்பது சரி, ஒன்று தவறு என்றால் இந்தப் பதிவு போகுமா, இருக்குமா? "எல்லாம் சரி" என்ற நிலை இல்லாத பதிவு என்று படித்தால் போய்விடும். எல்லா விடைகளுமே சரியில்லாத, அதாவது பத்தும் தவறான பதிவு என்று படித்தால் தப்பிக்கும். இரண்டு வாசிப்பும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன. பேசும்போது அழுத்தம் கொடுத்துக் காட்டலாம், தாளில் அழுத்தம் விழாது. தமிழில் "எல்லா"வும் "இல்லை"யும் ஒரே வாக்கியத்தில் வந்தால் நின்று பாருங்கள். "ஒரு விடை தவறினாலும் பதிவு ஏற்கப்படாது" என்று மாற்றினால் தீர்ந்தது. அதிலும் ஒரு சின்ன ஓட்டை பாக்கி: ஒன்றுமே எழுதாமல் வெறும் பெயரை மட்டும் அனுப்பியவரின் தாளில் தவறிய விடை எதுவுமே இல்லை! தர்க்கத்தில் இது பழைய வேடிக்கை. காலித் தாளைப் பற்றி "இதில் உள்ள விடைகள் எல்லாம் சரி" என்று சொன்னால் அது உண்மையாகிவிடும். "பத்துக் கேள்விக்கும் சரியான விடை எழுதிய பதிவுகள் மட்டும்" என்று எண்ணைப் போட்டுவிட்டால் அந்த வாசலும் அடைபடும்.

ஐந்தாவது. "சரியான விடை அனுப்பும் முதல் 20 பேர்" என்றால் சரியாக எழுதியவர்களை மட்டும் நேர வரிசையில் அடுக்கி அதில் முதல் 20 என்றே பெரும்பாலோர் படிப்பார்கள். முதலில் வந்த 20 பதிவில் சரியாக எழுதியவர்கள் என்றும் ஒருவர் வாதாடலாம். அப்படியானால் பரிசு பெறுபவர் ஏழு பேராகவும் இருக்கலாம். யாருமே சரியாக எழுதாவிட்டால்? 12 பேர் மட்டும் எழுதினால் மிச்சம் எட்டு டிக்கெட் யாருக்கு? "டிக்கெட் அல்லது டி-ஷர்ட்" என்பதில் தர்க்கப் புத்தகக்காரர் "அல்லது என்றால் இரண்டும் சேர்த்தும் வரலாமே" என்பார். பரிசு விஷயத்தில் அது விளையாட்டுக் கேள்வி, யாரும் இரண்டையும் எதிர்பார்ப்பதில்லை. உண்மையான கேள்வி, தேர்ந்தெடுப்பது யார் என்பது. வென்றவர் விருப்பமா, நடத்துபவர் கையில் எது மிச்சமோ அதுவா? விதி அதைச் சொல்லவில்லை. முதல் காட்சி டிக்கெட்டுக்காகப் போட்டி போட்டவர் கையில் டி-ஷர்ட்டைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பெங்களூர்த் தமிழ் ரசிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஸ்கோர் கணிக்கும் போட்டிகளுக்கு இதிலேயே ஒரு கிளை. "மிக அருகில் கணித்தவருக்குப் பரிசு" என்றால், உண்மை ஸ்கோர் 183, ஒருவர் 178, இன்னொருவர் 188. இருவருக்கும் ஐந்துதான் வித்தியாசம். சமன் முறிக்க இரண்டாவது கேள்வி ஒன்று முன்பே வேண்டும்: விழும் விக்கெட் எத்தனை, அல்லது மொத்த சிக்ஸர் எத்தனை. மழையால் ஓவர் குறைந்தால் போட்டி ரத்தா, குறைந்த ஓவர் ஸ்கோரே கணக்கா என்பதையும் டாஸுக்கு முன் எழுதிவிட வேண்டும். சூப்பர் ஓவர் ரன்கள் அணியின் ஸ்கோரில் சேராது. ஆனாலும் ஒரு வரி எழுதிவைத்தால் கேள்வி வராது.

ஆறாவது, நடுவர் தீர்ப்பு. இந்த வரியை எல்லாக் குழுவும் கவசமாக நினைக்கிறது. எழுதப்பட்ட விதிக்குள் ஒரு பதிவு வருகிறதா என்று நடுவர் சொல்வது இறுதி, சரி. போட்டி முடிந்த பிறகு விதியையே மாற்றுவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தில் பழைய கோட்பாடு ஒன்று உண்டு: வாசகம் இரண்டு பொருள் தந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமான பொருளையே எடுக்க வேண்டும். தெளிவாக எழுத வாய்ப்பு அவரிடம்தானே இருந்தது. ரசிகர் குழுவும் இதைக் கடைப்பிடித்தால் நல்லது. விதி மங்கல் என்று தெரிந்தால் சந்தேகத்தின் பலன் போட்டியாளருக்கு.

சொல்லுக்கும் நோக்கத்துக்கும் நடுவே இழுபறி வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதற்கு இந்த ஊரோடு தொடர்புள்ள வழக்கே ஒன்று இருக்கிறது, அதுவும் புதிர்ப் போட்டி வழக்கு. 1950களில் பெங்களூரில் அச்சான ஸ்போர்ட்டிங் ஸ்டார் என்ற வார இதழில் ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி வந்துகொண்டிருந்தது. பம்பாயில் அதற்கு ஏராளமான போட்டியாளர்கள். 1955இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்குப் பதிவுகள் 2,000ஐத் தாண்டக் கூடாது. பரிசுப் போட்டி என்பதற்குச் சட்டம் தந்த வரையறையை எழுத்துக்கு எழுத்து படித்தால், எழுத்தையோ சொல்லையோ எண்ணையோ அடுக்கிக் கோக்கும் எந்தப் புதிருக்குப் பரிசு கொடுத்தாலும் அதில் விழும். முழுக்க மூளைத்திறனால் வெல்லும் போட்டியும் தப்பாது.

இப்படிப் போட்டி நடத்தியவர்கள் தொடுத்த ஆர்.எம்.டி. சாமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957இல் அந்தப் படிப்பை ஏற்கவில்லை. சட்டம் வருவதற்கு முன் நிலைமை என்ன, எந்தத் தீங்கைத் தடுக்க வந்தது என்று பார்த்து, சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தும், பெருமளவு திறமையைச் சார்ந்த போட்டிகளுக்குப் பொருந்தாது என்றது. தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். கர்நாடக இசை ரசிகர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். 1944இல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவர். வரையறையின் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காமல் அதன் காரணத்தைத் தேடிய அந்தத் தீர்ப்பு, திறமையா அதிர்ஷ்டமா என்று பின்னால் வந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது.

ஆனால் இன்றைக்கு அந்தத் தீர்ப்பை நம்பி ஆன்லைனில் நுழைவுக் கட்டணம் வாங்கிவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடும் விளையாட்டைத் தடை செய்யும்போது, அது திறமையா, அதிர்ஷ்டமா, இரண்டும் கலந்ததா என்ற கேள்வியையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. 1957இல் நீதிமன்றம் நோக்கத்தைத் தேடி நிரப்ப வேண்டியிருந்த இடத்தை இந்த முறை சட்டம் தானே எழுதி மூடியிருக்கிறது. ஆளுக்கு 50 ரூபாய் வாங்கி, ஸ்கோர் கணித்தவருக்கு மொத்தத்தையும் கொடுப்பது "சும்மா நண்பர்களுக்குள்" என்று தோன்றலாம். அதைச் செய்ய வேண்டாம். தவிர, பந்தயம் என்ற வகையில் வரும் ஒப்பந்தம் 1872இன் ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி செல்லாது. பரிசு வராவிட்டால் வழக்குப் போட்டும் வாங்க முடியாது. கட்டணம் இல்லாமல் நடத்துங்கள், பரிசுச் செலவை நன்கொடையில் பாருங்கள்.

பரிசின் மதிப்பும் கவனிக்க வேண்டியது. 1961இன் வருமான வரிச் சட்டத்தில் 194பி பிரிவு லாட்டரியோடு குறுக்கெழுத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது: 10,000 ரூபாயைத் தாண்டும் பரிசுக்கு 30% வரிப் பிடித்தம். பணத்துக்குப் பதில் கைபேசியாகக் கொடுத்தாலும் தப்பாது. வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். டிக்கெட், டி-ஷர்ட் அளவில் நிற்கும் குழுக்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

விடைத்தாளை வெளியிடும் முறையையும் விதியிலேயே சேர்த்துவிடலாம். விடையை மட்டும் போடாமல், எந்தக் குறிப்பிலிருந்து எது வந்தது என்று நான்கைந்து வரியில் காரணத்தோடு போடுங்கள். ஆட்சேபம் சொல்ல 24 மணி நேரம் கொடுங்கள். ஆட்சேபம் "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று இருக்கக் கூடாது, எல்லாக் குறிப்புக்கும் பொருந்தும் வேறொரு விடையை எழுதிக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் காட்டிவிட்டால் மேலே பார்த்த வரிசைப் புதிரைப் போல அந்தக் கேள்விக்கு இரண்டு விடையையும் ஏற்பதா, கேள்வியையே எல்லோருக்கும் நீக்குவதா? நீக்குவது எளிது, ஆனால் நடத்துபவர் நினைத்த விடையைச் சரியாக எழுதியவருக்கு அது அநியாயம். பொருந்தும் விடை எல்லாவற்றையும் ஏற்பதே நியாயம். அதனால் வெற்றியாளர் 23 பேர் ஆகி, கையில் 20 டிக்கெட் மட்டும் இருந்தால், 21ஆவது ஆளுக்கு என்ன என்று விதித்தாளில் முன்பே ஒரு வரி இருக்க வேண்டும்: நேர வரிசையா, குலுக்கலா, டி-ஷர்ட்டா. டிக்கெட் வாங்கப் போவதற்கு முன்னால் அந்த வரியை எழுதுங்கள்.